சாம்பல் கலர் வயர்

"அந்தக் கருப்பு வயர் வேணாம்ணே. இந்தச் சாம்பல் கலரே போடுங்க. சுவத்துக்குப் பொருத்தமா இருக்கும்."

சிசிடிவி மாட்ட வந்து ஏணியில பாதி ஏறின கேமராக்காரர் அப்படியே நின்னுட்டாரு. இருபது வருஷமா இதே தொழில். வளையல் கடையில நிக்கற மாதிரி வயருக்குக் கலர் பார்க்கற ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறாரு.

"அம்மா, அது வீட்டுக்குள்ள போடுற வயரு. வெளியில கருப்புதான் போடணும். அதுக்குத் தோல் கெட்டி. வெயில், மழை எல்லாம் தாங்கும்."

"இது தாங்காதா?"

"ஒரு கோடை போதும், காஞ்ச சருகாட்டம் வெடிச்சிடும். அப்புறம் முதல் மழையிலயே தண்ணி உள்ள இறங்கும். ஒவ்வொரு கேமராவா கண்ணை மூடிடும்."

வீட்டம்மாவுக்கு முப்பது வயசு இருக்கும். கையில துவைச்ச துணி வாளி. வாளியைக் கீழ வச்சுட்டு அந்த வயர்ச் சுருளைத் தொட்டுப் பார்த்தாங்க.

"பரவாயில்லண்ணே. இதுவே இருக்கட்டும்."

கேமரா எங்கெங்க வரணும்னு வீட்டுக்காரர் காலையில ஆபீஸ் கிளம்பும்போதே பென்சில்ல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிருந்தாரு. நாலு குறியும் காம்பவுண்டு சுவத்துல. நாலு கேமராவும் வீட்டைப் பார்த்த மாதிரி.

"சார், தெருப்பக்கம் திருப்பினாத்தானே வர்றவன் மூஞ்சி தெரியும்?"னு இவரும் கேட்டுப் பார்த்தாரு. "நான் சொன்னபடி வைங்க"ன்னு ஒரே வார்த்தை. சரி, வீடு அவரு வீடு. வயரைப் பத்தி மட்டும் அவரு ஒண்ணும் சொல்லல.

"தண்ணி இறங்கினா நெருப்பு கிருப்பு பிடிக்குமாண்ணே?"

"சேச்சே. இதுல போறதே கொஞ்சூண்டு கரண்டு. படம் வராது, அவ்வளவுதான்."

"யாராவது வெட்டி விட்ட மாதிரித் தெரியுமோ?"

"அதெப்படித் தெரியும்? வெட்டினது வேற, வெயில்ல வெடிச்சது வேற. பார்த்தாலே சொல்லிடலாம். என்னம்மா, வக்கீலுக்குப் படிச்சீங்களா?"

"டீச்சரா இருந்தேண்ணே. கல்யாணத்துக்கு முன்னாடி."

கேமராக்காரருக்கு உள்ளுக்குள்ள கடுப்பு. நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா பழியைத் தூக்கி நம்ம தலையில போடத்தான் இத்தனை கேள்வின்னு நினைச்சாரு. அதை முன்கூட்டியே சொல்லியும் வச்சாரு.

"பின்னாடி சார் என்னையத்தான் கூப்பிட்டுத் திட்டுவாரு, பார்த்துக்குங்க."

"உங்களுக்கு வராதுண்ணே. திட்டு எனக்குத்தான் வரும். நான் வாங்கிக்கறேன்."

இதுக்கு மேல என்ன பேசறது? சாம்பல் வயரையே இழுத்தாரு. சுவத்தோரமா, நிழல் துளிகூட இல்லாத நாப்பது மீட்டர். முழத்துக்கு ஒரு கிளிப் அடிச்சுக்கிட்டே போனாரு. கேமராகிட்ட வந்ததும் வயரைக் கீழ் நோக்கி ஒரு வளைவு விட்டாரு. மழைத்தண்ணி வயரைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போகாம அங்கயே சொட்டிடணும், அதுக்கு. யாரும் கேக்கலன்னாலும் அவரு கை தானா செய்யற வேலை அது.

"அண்ணே, அந்த வளைவு பார்க்க அசிங்கமா இருக்கு. எடுத்துடுங்களேன்."

அவரு நெத்தியில அடிச்சுக்கிட்டாரு. "உங்க வீட்டுச் சுவத்துக்குப் பொட்டு வச்சு, பூவும் வச்சு விடவாம்மா?"

அந்தம்மா சிரிச்சாங்க. சத்தமே வரல. வளைவை எடுத்துட்டாரு.

ரெண்டு மணிக்கு வேலை முடிஞ்சது. வீட்டுக்காரர் ஆபீஸ்ல இருந்தே போன்ல படம் பார்க்கணும்னாரு. கேமராக்காரர் எல்லாத்தையும் சரிபண்ணிக் கொடுத்துட்டு, அவரைக் கூப்பிட்டுத் தன் போன் ஸ்பீக்கரைப் போட்டாரு.

"ம், வருது. அவளை முன் வாசல்ல நிக்கச் சொல்லுங்க."

நின்னாங்க.

"பின் வாசல்ல."

ஈரத்துணியும் கையுமா ஓடிப்போய் நின்னாங்க.

"மாடிப்படியில."

நின்னாங்க.

"பக்கத்து வீட்டுக்காரிகிட்டப் பேசறதுக்குப் போவா, அந்த மூலை. அங்க நிக்கச் சொல்லுங்க."

அங்கயும் போய் நின்னாங்க. சுவத்துக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு பொம்பளை, "என்ன, இப்பல்லாம் ஆளையே காணோம்?"னு கேட்டாங்க. இவங்க பதிலே சொல்லல.

"பளிச்னு தெரியுது. வேலை சுத்தம். வயரு நல்ல வயருதானே?"

கேமராக்காரர் வாயைத் திறந்தாரு. மூலையில நின்ன அந்தம்மா தலையைத் திருப்பாம கண்ணை மட்டும் இவரு பக்கம் ஓட்டினாங்க. கையில இருந்த துணி கிளிப்பை இறுக்கிப் பிடிச்சிருந்ததுல விரல் வெளுத்துப் போயிருந்தது.

கலர் பார்த்துப் போட்ட வயருன்னு போட்டுக் கொடுத்து, புருஷன் பொண்டாட்டிக்குள்ள சண்டை மூட்டி விடுவானேன்னு அவருக்குத் தோணிச்சு.

"நல்ல வயருதான் சார்."

போனை வச்சுட்டு ஏணியை மடக்கித் தோள்ல போட்டாரு. வீட்டம்மா தண்ணி கொண்டு வந்து கொடுத்தாங்க. கொடுக்கும்போது கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்னுக்கிட்டாங்க.

"இதுல பேசறது கேக்குமாண்ணே?"

"கேக்காதும்மா. படம் மட்டும்தான்."

அந்தம்மா வானத்தை அண்ணாந்து பார்த்தாங்க. பொட்டு மேகம் இல்ல. உதடு அசையறது தெரியாம, மெல்லக் கேட்டாங்க.

"இந்த வருஷம் மழை சீக்கிரம் வந்துருமாண்ணே?"