கல்லு முளைத்த தோட்டம்

பன்னிரண்டு நெட்டிலிங்கக் கன்றுகளும் லோடு ஆட்டோவில் ஏறி சிங்கவரம் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டிருந்தன. வெள்ளிக்கிழமை ஹாஸ்டலிலிருந்து மஞ்சு வந்து இறங்கியபோது, கன்றுகள் நிற்க வேண்டிய இடத்தில் ஜல்லி கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

இடம் பக்கத்து வீட்டு ஜகபர் அலியுடையதுதான். ஆனால் தோட்டத்துக்குப் பிளான் போட்டவள் மஞ்சு. எம்.எஸ்சி. தாவரவியல் படிக்கிற பெண் என்று அவரேதான் தேடி வந்து கேட்டார்.

அலி துபாயில் இருபத்திரண்டு வருஷம் பூங்காக்களுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர். ஊரான் மரத்துக்கு ஊற்றினது போதும், இனி நம் மரத்துக்கு ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டேதான் ஊர் திரும்பினார். பெற்ற பெண்ணுக்கே சனோபர் என்று மரத்தின் பெயரை வைத்தவர். உலகத் தோட்டங்கள் அச்சான பழைய காலண்டரை விரித்து, தாஜ்மகால் படத்தில் விரலை வைத்தார். நடுவில் வாய்க்கால், ஓரத்தில் ஊசி ஊசியாக வரிசை மரம்.

அந்த ஜாதி மரம் செஞ்சி வெயிலுக்குத் தாங்காது, நெட்டிலிங்கம் வையுங்கள், அதே மாதிரி நெடுநெடுவென்று போகும் என்று சொன்னதும் மஞ்சுதான். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள சுவரோரம் பன்னிரண்டு குச்சி நட்டு இடம் குறித்துக் கொடுத்ததும் அவள்தான்.

"இன்னா மாமா இது?"

"ஜப்பான் தோட்டம்மா." அதே காலண்டர், வேறு பக்கம். கியோட்டோவில் ஒரு கோயில். செடி கொடி கிடையாது. சரளையில் அலை அலையாகக் கோடு இழுத்து, நடுவே நாலு பாறை. "பாத்தா மனசு அடங்குமாம்."

"செஞ்சியில பொறந்துட்டு, கல்லைப் பாக்கறதுக்கு ஒரு தோட்டமா? ராஜகிரிக் கோட்டை மலையில இல்லாத கல்லா மாமா?"

அலி சிரித்தார். இலை கூட்ட ஆளில்லை என்றார். நான் கூட்டுகிறேன் என்றாள். தண்ணீர் என்று இழுத்தார். அவர் வீட்டு போர் வற்றி யாரும் பார்த்ததில்லை என்பதை எடுத்துச் சொன்னாள். வயசாகிவிட்டது என்றார், ஜல்லி வாருவதற்கு மட்டும் வயசாகவில்லையா என்று கேட்டாள். அவர் பல்லு வைத்த பலகையால் ஜல்லியில் அலை இழுக்கப் போய்விட்டார். எதிர்வாதம் செய்யாத ஆளை ஜெயிப்பதில் என்ன ருசி இருக்கிறது? மஞ்சுவுக்கு எரிச்சல்தான் கூடியது.

அன்றைக்கே தெரு வாட்ஸப் குழுவில் போட்டோ போட்டாள். 'மரத்தை விரட்டிக் கல்லைக் குடிவைத்த நவீன தோட்டம்' என்று கீழே எழுதினாள். கல்லுக்கு எரு வைக்கணுமா பாய் என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு முகங்கள் வரிசையாக வந்து விழுந்தன. ஒரே ஒரு கட்டைவிரல் மட்டும் தனியாக நின்றது. அது அலி போட்டது.

அதற்கும் அசராமல் ஞாயிற்றுக்கிழமை ஒரு வேப்பங்கன்றோடு போய் நின்றாள். ஒரு மரமாவது வைத்தே ஆகவேண்டும் என்றாள். அவர் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டார். வாங்கியவர் நேராகத் தெருக்கேட்டோரம் போய்க் குழி தோண்டினார்.

"அங்க எதுக்கு மாமா? இந்தச் சுவத்தோரம் வைங்க. ஒரு மரமாவது இங்க நிக்கட்டும்."

"அங்க வேணாம்மா." அத்தனை நாளில் அவர் அழுத்திச் சொன்ன முதல் பேச்சு அதுதான். "எங்கன்னாலும் வெக்கறேன். அங்க மட்டும் வேணாம்."

மஞ்சு விடுவிடுவென்று வீட்டுக்கு வந்தாள். பின்பக்கம், அதே சுவருக்கு இந்தப் பக்கம், சிமெண்டுத் தரையில் அவள் அம்மா மீனம்பாள் தாளிப்பு வடக உருண்டைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். வெங்காயமும் வெந்தயமும் விளக்கெண்ணெயுமாக வாசம் தூக்கியது. வல்லம் வரைக்கும் வீடுகளில் குழம்பு தாளிப்பது மீனம்பாளின் வடகத்தில்தான். மஞ்சு எம்.எஸ்சி. படிப்பதும் அந்த வடகத்தில்தான். காலையில் அவர்கள் வீட்டு நிழலே அந்தத் தரையை மறைத்துவிடும். வெயில் வருவது உச்சிக்கு மேல்தான். அது பொழுது சாய்கிறவரை விழுந்தால்தான் வடகம் காயும்.

"அந்த மனுஷனுக்கு மரம்னாலே ஆவாதும்மா. காலண்டர்ல பாக்கறதோட சரி."

"அப்டி சொல்லாதடி. மரத்து மேல உசுரையே வெச்சிருக்கறாரு." மீனம்பாள் நிமிரவில்லை. "போன வாரம் நீ ஹாஸ்டல்ல இருந்தப்போ, உன் குச்சியெல்லாம் புடுங்கிட்டு மாடி ஒசரத்துக்கு மூங்கில் நட்டாரு. ஒவ்வொண்ணுலயும் கோணிப்பை கட்டித் தொங்கவுட்டு, மரம் வளந்தா எப்டி இருக்கும்னு நின்னு நின்னு பாத்தாரு. மணி மூணு இருக்கும். மூங்கிலைப் பாக்கறாரு, சுவத்துமேல எட்டி நம்ம தரையைப் பாக்கறாரு. மறுபடி மூங்கிலைப் பாக்கறாரு."

"அப்புறம்?"

மீனம்பாள் ஒரு உருண்டையை எடுத்து அமுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி காய்ந்திருந்தது.

"அப்புறம் இன்னா? 'வடகம் காய எத்தினி நாள் வெயில் வேணும்மா'ன்னாரு. 'பதினஞ்சு நாளாவது வேணும் பாய்'னேன். மறுநாளே கன்னையெல்லாம் வண்டி ஏத்திட்டாரு. வடகத்தப் பத்தி இன்னாத்துக்குக் கேட்டாரோ, எனக்கு ஒண்ணும் புரியல."