நாற்பத்தோராவது போன்

நாற்பது பேரிடம் பேசி முடித்தாயிற்று. இனித் தப்பிக்க வழியில்லை என்று ஆனதும் பொன்செல்வி லேப் போனில் நல்லகண்ணு அண்ணாச்சியின் எண்ணை அழுத்தினாள்.

ஐந்தருவியில் மங்குஸ்தான் பழக்கடை போட்டிருப்பவர். இதயத்தில் வால்வு மாற்றியவர். ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை போடுபவர்.

மாத்திரை கூடினால் உள்ளுக்குள் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வு அடைக்கும். எத்தனை போடுவது என்பதை மாதாமாதம் எடுக்கிற ரத்தப் பரிசோதனைதான் சொல்லும்.

காலையில் தென்காசி லேபுக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுக் கடையைப் பார்க்க ஓடிவிடுவார். சாயங்காலம் லேபுக்குப் போன் போடுவார். பொன்செல்வி எண்ணைச் சொல்ல, நோட்டில் எழுதிக்கொள்வார்.

இருபத்தெட்டு வரும், சில மாதம் முப்பது வரும். ரத்தம் உறைய எத்தனை வினாடி என்ற கணக்கு அது. இருபதுக்குக் கீழே போனால் ஒரு மாத்திரை கூட்டிக்கொள்ளுங்கள் என்று என்றைக்கோ டாக்டர் சொன்னது அவருக்கு வேதவாக்கு.

போன மாதம் ரிப்போர்ட்டை மாற்றினார்கள். வினாடி போய், எந்த ஊர் லேபுக்கும் பொதுவான புது அளவு வந்தது. மாறிய அன்றைக்கு முதல் போன் அவருடையதுதான்.

“ரெண்டு புள்ளி எட்டா? அம்புட்டுக்குக் கொறஞ்சிட்டா தாயி?”

வாசலில் வரிசை நின்றது. இனிமேல் இப்படித்தான் வரும் அண்ணாச்சி என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள், பாவி மகள்.

அன்றைக்கே மனசு உறுத்தியது. நாளைக்குக் கூப்பிடலாம் என்று இருந்தாள். நாலு நாள் போனது. அப்புறம் கூப்பிடவே பயமாகிவிட்டது.

ரத்தம் பிடித்த கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் பிடித்தால் அந்தக் குரல். சோற்றில் கை வைத்தால் அந்தக் குரல். மேலகரம் பஸ் ஸ்டாப்பில் சாரலுக்கு ஒதுங்கி நின்றபோது காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது, அம்புட்டுக்குக் கொறஞ்சிட்டா என்று. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை.

இந்த மாத்திரை போடுகிற எல்லோருக்கும் போன் போட்டு விளக்கிவிடு என்று நேற்று லேப் டாக்டர் சொன்ன பிறகும் அவர் பெயரைத்தான் கடைசிக்குத் தள்ளினாள். கூப்பிடாத வரைக்கும் அவர் அங்கே பழம் விற்றுக்கொண்டுதானே இருக்கிறார்?

மறுமுனையில் போனை எடுத்தார்கள். பேச்சில்லை, மூச்சு மட்டும் கேட்டது. அப்பாடா என்றிருந்தது பொன்செல்விக்கு. போன உயிர் திரும்பி வந்தது.

எங்கே தைரியம் போய்விடுமோ என்று மளமளவென்று கொட்டினாள். வினாடிக் கணக்கு வேறு, இது வேறு அண்ணாச்சி. உங்களுக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் நடுவில் இருக்க வேண்டும். இரண்டு புள்ளி எட்டு ரொம்பச் சரி. ஒரு மாத்திரைகூடக் கூட்ட வேண்டாம். கூட்டியிருந்தால் இப்போதே கிளம்பி வாருங்கள்.

சொல்லி முடித்துவிட்டு, சரி தாயி என்ற பதிலுக்காகக் காத்திருந்தாள்.

பேசியது அவர் மனைவி உலகம்மாள்.

“அப்போ அது சரியாத்தான் இருந்திருக்கு, என்னம்மா? அவுகதான் பயந்துபோயி தெனம் ஒண்ணு கூடப் போட்டுக்கிட்டு இருந்தாக.”

அந்தம்மாள் கோபப்படுவாள் என்று பொன்செல்வி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். திட்டினால்கூடத் தேவலை.

“மாசாமாசம் நம்பர் சொல்லுத புள்ள நீதானே? ஒனக்கும் சொல்லணும்னு இருந்தேன். நாளைக்கு அவுகளுக்குப் பதினாறாம் நாளு. மத்தியானம் சாப்பிட வந்துரு தாயி.”