இழுவையா, வேகமா?

"நம்ம வயலுக்கு நட்ட நடுவுல மோட்டார் படகு ஓட்டினேன் ஃபாஜில். ஒரு வரப்புகூட இடிக்கல" என்றார் சாரங்கபாணி.

பூம்புகாரில் படகு எஞ்சின் சாமான் விற்கும் ஃபாஜில் சிரித்துச் சிரித்துக் கல்லாவிலேயே சாய்ந்துவிட்டான். சுவரில் மாட்டியிருந்த புரொப்பல்லர்கள்கூட அந்தச் சிரிப்புக் காற்றில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றிருக்கும். சாரங்கபாணியின் மகன் பிரபு மட்டும் சிரிக்கவில்லை.

அப்பா விட்ட புளுகுகளை வரிசையாக அடுக்கினால் சீர்காழியிலிருந்து கும்பகோணத்துக்கு ரோடு போடலாம். அவர் பறங்கிக்காயை வண்டியேற்ற கிரேன் வந்ததாம். அவர் ஒரு குரல் கொடுத்தால் மேட்டூரில் மதகு திறக்குமாம். சின்ன வயதில் பிரபு அத்தனையும் நம்பினான். குவைத் வேலையை உதறிவிட்டு, இனி நம் மண்ணில் நாமே பாடுபடுவோம் என்று நேற்று வந்திறங்கிய பிரபு எதையும் நம்பத் தயாராயில்லை.

காரணம் இருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கியதுமே பக்கத்து வயல்காரர் ஐயாவு, "வயலை நம்பியா தம்பி வந்தே? இனிமே அங்க நாத்து நட வேலையே இல்லையே" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். வீட்டில் கேட்டதற்கு, நாளைக்குக் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று அப்பா மழுப்பினார். காலையில் எழுந்து பார்த்தால் கொல்லையில் ஒரு பழைய ஃபைபர் படகு கிடக்கிறது. மீன் பிடிக்கப் போகிறாராம், தேய்ந்த புரொப்பல்லரை மாற்ற இந்தக் கடைக்கு இழுத்து வந்திருக்கிறார்.

ஆற்றங்கரையில் இருந்தாலும் வரப்புவரை பைக் போகிற வயல். அதை வைத்திருந்த மனுஷனுக்குப் படகு எதற்கு? நிலத்தை விற்றுத் தின்றுவிட்டு வேடிக்கை காட்டுகிறார் என்று பிரபு நினைத்தான். இன்றைக்கு நிலத்தைக் கண்ணால் பார்க்காவிட்டால் மனைவி பூர்ணிமாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது, அப்புறம் இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று முடிவு கட்டியிருந்தான்.

ஃபாஜில் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொழிலுக்கு வந்தான். எஞ்சினின் குதிரைச் சக்தி, படகில் ஏறும் ஆள், வலையின் கனம் எல்லாம் விசாரித்துவிட்டு இரண்டு புரொப்பல்லர்களை எடுத்து வைத்தான். இறக்கையில் சாய்வு அதிகமென்றால் படகு பறக்கும், சுமை ஏறினால் எஞ்சின் திணறும். சாய்வு குறைவென்றால் வேகம் இருக்காது, ஆனால் எவ்வளவு சுமையையும் இழுத்துவிடும்.

"இழுவையா, வேகமா? ஒண்ணைச் சொல்லுங்கண்ணே. ரெண்டும் ஒரே இறக்கையில கிடைக்காது."

"இழுவைதான். ஆனா அலுமினியம் வேணாம், ஸ்டீல்ல குடு. அடியில எதுலயாவது பட்டா வளையக் கூடாது."

"கொள்ளிடத்துல மணலைத் தவிர வேற என்னண்ணே இருக்கு? அலுமினியமே போதும். பாறையில இடிச்சா மட்டும் நான் பொறுப்பில்ல."

பிரபு குறுக்கே புகுந்தான். "வேகமா போறதையே குடுங்க, அலுமினியத்துலயே. விளையாட்டுச் சாமானுக்கு இழுவை எதுக்கு?"

சாரங்கபாணி மகன் சொன்னதையே எடுத்துக்கொண்டார். அப்பா இப்படி விட்டுக்கொடுத்துப் பிரபு பார்த்ததேயில்லை.

தண்ணீரில் ஓட்டிப் பார்த்துப் பிடித்த பிறகுதான் ஃபாஜில் கடையில் விலை பேசுவார்கள். அதனால் அவனும் அவர்களோடு ஊருக்கு வந்து, புரொப்பல்லரை மாட்டிக் கொடுத்து, படகிலும் ஏறிக்கொண்டான். கொள்ளிடம் கடலுக்குத் தம்பி மாதிரி அகண்டு கிடந்தது. பிரபு எதையும் ஏறிட்டுப் பார்க்காமல் உர்ரென்று உட்கார்ந்திருந்தான்.

"நிலத்தைக் காட்டுவீங்களா, மாட்டீங்களா?"

"அங்கதான்டா போறோம்" என்றார் அப்பா.

கொஞ்ச தூரம்தான் போயிருப்பார்கள். அடியில் டங்கென்று ஏதோ இடித்தது. படகு ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. ஃபாஜில் எஞ்சினைத் தூக்கிப் பார்த்தான். ஓர் இறக்கை வெற்றிலை மாதிரி மடங்கியிருந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பாறையில இடிச்சா பொறுப்பில்லன்னு" என்று முனகினான். "ஆமா, இந்த ஆத்துல பாறை எங்கேர்ந்து வந்துச்சு?"

பிரபு குனிந்து தோள்வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுத் துழாவினான். விரல்கள் ஏதோ ஒன்றைப் பற்றின, தடவின, விடாமல் அங்கேயே நின்றன. பிறகு தலையை நிமிர்த்திக் கரையைத் தேடினான். அது எங்கோ தூரத்தில், தென்னைகள் வேரோடு சாய்ந்து கிடந்த இடத்துக்கு நகர்ந்து போயிருந்தது.

"பாறை இல்ல ஃபாஜில், எங்க போர்செட் குழாய். அப்பா சொன்னது நிஜம், எங்க வயலுக்கு நடுவுலதான் படகு நிக்குது."