தப்பான வருஷம்

“பொய்! பச்சைப் பொய்!”

ஜன்னலைப் படாரென்று திறந்து கத்தினார் தோவெ டீச்சர்.

கீழே, கல் பாவிய சந்தில், ஒன்பது ஜெர்மன்காரர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். நடுவில் சிவப்புக் குடையைத் தூக்கிப் பிடித்தபடி பிரேபன். ஊர் சுற்றிக் காட்டுகிறவர்.

“இந்த வீடு 1580-ல கட்டினது, ராஜாவோட நாவிதர் இங்கதான் இருந்தார்” என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தார்.

“1868! பாய்மரத் துணி விக்கிறவன் சரக்கு வைக்கக் கட்டினது. ராஜாவோட நாவிதனாம்! இந்தச் சந்துக்குள்ள ராஜாவோட நாய்கூட வந்ததில்ல!”

“துணின்னா எந்தத் துணி டீச்சர்? கித்தானா?”

“கித்தான்தான்! பாய்க்குப் பட்டா கட்டுவாங்க?”

பிரேபன் தொப்பியைத் தொட்டுக் கும்பிடு போட்டார். “ரொம்ப நன்றி டீச்சர். நாளைக்குப் பார்க்கலாம்.”

டீச்சர் ஜன்னலைச் சாத்தினார். நேற்று பிஷப்பின் குதிரைகள். முந்தாநாள் கடற்கொள்ளையர். ஒரு நாளைக்கு ஒரு புளுகு!

டென்மார்க்கின் பழைய ஊர் ரீபெ. அங்கே முப்பத்து நாலு வருஷம் சரித்திரம் சொல்லிக் கொடுத்தவர் அவர். பிரேபன் யார்? போன வருஷம் வரை தபால்காரர். நாட்டில் கடிதப் பட்டுவாடாவையே நிறுத்தி, தபால்காரர்களை வீட்டுக்கு அனுப்பி, தெருவிலிருந்த சிவப்புப் பெட்டிகளையும் பிடுங்கிக்கொண்டு போனபின், குடையைத் தூக்கிக்கொண்டு இந்த வேலைக்கு வந்துவிட்டார்.

கத்தி முடித்ததும் வீடு மறுபடி நிசப்தமானது. டீச்சர் ஆறிப்போன காப்பியோடு ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு வம்புக் கண்ணாடி உண்டு. உட்கார்ந்த இடத்திலிருந்தே சந்தின் இரண்டு முனையும் தெரியும். யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்று பார்க்கலாம். அவர் வீட்டுக்கு யாரும் வருவதில்லை.

கணவர் போய் ஆறு வருஷம். மகன் தொலைவில், ஆல்போர்க் நகரத்தில். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வான், மறக்காவிட்டால். அக்கம்பக்கத்தில் யாரும் வரமாட்டார்கள். அந்த ஊரில் முன்கூட்டிச் சொல்லாமல் ஒருவர் கதவைத் தட்டினால், வீடு தீப்பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

டீச்சர் காகிதம் எடுத்துப் புகார் எழுதினார். ‘சரித்திரத்தைக் கொலை செய்யும் இந்த ஆளை உடனே வேலையிலிருந்து நீக்கவும்.’ தெருமுனையில் பெட்டி இல்லாததால், கோட்டை மாட்டிக்கொண்டு சுற்றுலா அலுவலகத்துக்கு நேரிலேயே போனார்.

அங்கே மேஜையில் சிசெல். அவருடைய பழைய மாணவிதான்.

“இந்த வாரம் இது நாலாவது புகார் டீச்சர்” என்று அலுத்துக்கொண்டாள். “ஆத்தங்கரை கேப்டன் வீட்டு முன்னாடி, அவர் கப்பலுக்கு மூணு பாய்மரம்னு பிரேபன் சொன்னாராம். ரெண்டுதானாம். ரொட்டிக்கடை வச்சிருந்த மார்ட்டா வீட்டு முன்னாடி நின்னு, பன்னுக்கு ஏலக்காயே போடமாட்டாங்கன்னாராம்.”

“ஏலக்காய் போடாமலா? மார்ட்டா சும்மாவா விட்டா?”

“மாவுக் கையோட வெளிய வந்து கிழிச்சிட்டாங்களாம். இதுல வேடிக்கை என்னன்னா, எங்க பட்டியல்ல இருக்கறது தேவாலயம், வெள்ளம் ஏறின உயரத்தைக் குறிச்ச தூண், பழைய துறை, அவ்வளவுதான். உங்க சந்தே கிடையாது. நீங்க கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க. இன்னையோட அவரை நிறுத்திடறோம்.”

டீச்சர் பேனாவை எடுத்தார். அதற்குள் குடையை மடக்கியபடி பிரேபனே உள்ளே வந்துவிட்டார். மேஜைமேல் இருந்த காகிதத்தைப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

“எங்க சந்துக்கு உன்னை யாருய்யா வரச் சொன்னா? அதுவும் பொய் சொல்லிக்கிட்டு?” என்றார் டீச்சர்.

பிரேபன் தொப்பியைக் கழற்றினார்.

“பிப்ரவரியில உங்க சந்து மூலை வீட்டுல தனியா இருந்த ஐகில் செத்துப் போனாரே. எட்டு நாள் கழிச்சுத்தான தெரிஞ்சுது. நான் கடிதம் கொண்டுவந்த காலமா இருந்தா மறுநாளே தெரிஞ்சிருக்கும். அப்பல்லாம் மணியை அடிப்பேன், கதவு திறக்கும். ஏன் லேட்டுன்னு நீங்க ரெண்டு திட்டு திட்டுவீங்க. ஆள் நல்லா இருக்காங்கன்னு அடுத்த வீட்டுக்குப் போவேன். இப்ப வெறுங்கையோட எப்படி டீச்சர் தட்டறது?”

“அதுக்கு? கீழ நின்னு ஒரு வணக்கம் சொன்னா வாய் வலிக்குமா?”

“சொன்னேனே. உங்க ஜன்னலுக்குக் கீழ நின்னு பதினோரு நாள் வணக்கம் சொன்னேன். திரைகூட அசையல. பன்னிரண்டாம் நாள் ஒரு வருஷத்தைத் தப்பாச் சொன்னேன்…”

டீச்சருக்கு அந்த வணக்கங்கள் நினைவிருந்தன. பதினோரு நாளும் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். அவை தனக்காக இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பேனாவை வைத்துவிட்டுப் புகாரை நாலாக மடித்தார். கைப்பைக்குள் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று வாசல்வரை போனவர், அங்கே நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினார்.

“நாளைக்குக் கொஞ்சம் பெரிய பொய்யாச் சொல்லு பிரேபன். இதெல்லாம் ரெண்டு நிமிஷத்துல திருத்தி முடிஞ்சுடுது.”