அனுப்பாமல் வைத்த ஒரு வரி

சிறு வழக்குகளை விசாரிக்கும் அறையின் ஜன்னலில் மழை சடசடவென்று அடிக்கிறது. மேல்வீட்டுக் குழாய் கசிந்து, தைத்து வைத்திருந்த துணியெல்லாம் பாழாய்ப் போனதென்று வழக்குப் போட்டிருக்கிற தையல்காரி, செல்போன் செய்திகளை அச்சடித்த தாள்களை நெஞ்சோடு அணைத்து நிற்கிறாள். "அக்கா, தண்ணி சொட்டுது, கொஞ்சம் பாருங்க" என்று அவள் நான்கு தரம் கெஞ்சியதற்கு அதுதான் சாட்சி. எதிரே மேல்வீட்டு அக்கா, தொப்பலாக நனைந்து, கூந்தல் நுனியில் நீர் சொட்ட நிற்கிறாள். துணி பாழான நாள் முதல் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. "போனைக் கொடுங்கம்மா, ஒத்துப் பாக்கணும்" என்கிறார் நீதிபதி தையல்காரியிடம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்க்கிறார். புகார்களுக்கு மேலே "பாப்பா தூங்கிட்டாளா?", "சாவி பூத்தொட்டிக்குக் கீழ இருக்கு" என்று பழைய நாட்கள் ஓடுகின்றன. கடைசி வரியில் அவர் விரல் நிற்கிறது. "இது தாள்ல இல்லையே? டைப் பண்ணிட்டு அனுப்பாம வெச்சிருக்கீங்க." தையல்காரிக்குக் காது மடல் சுடுகிறது. நீதிபதி அதை உரக்கப் படிக்காமல் போனைத் திருப்பித் தருகிறார். "இது வழக்குல வராது. அனுப்பறதும் விடறதும் உங்க இஷ்டம்."

கட்டைவிரல் தயங்கித் தயங்கி, அழுத்துகிறது. எதிரே ஈரப் பைக்குள் போன் மணி ஒலிக்க, அதட்ட எழுந்த ஊழியரை நீதிபதி கையமர்த்துகிறார். அக்கா நனைந்த திரையைத் துடைத்துத் துடைத்துப் படிக்கிறாள். 'அக்கா, கோர்ட்டுக்கு வர்றப்ப குடை எடுத்துக்குங்க. மழை வரும்போல இருக்கு.'

"இதைக் காலையிலேயே அனுப்பித் தொலைக்கிறதுக்கென்னடி?" என்கிறாள்.