ஒரு சிட்டிகை நிக்கல்

காந்தக்காவும் கம்பியும் ஒரே நேரத்தில் தத்தம் ஆய்வறைக் கதவைத் திறந்துகொண்டு தாழ்வாரத்துக்கு வந்தார்கள்.

இருவரும் வாயை இறுக மூடியிருந்தார்கள். ஒருத்தி அளந்த எண் இன்னொருத்தி காதில் முன்கூட்டியே விழக்கூடாது. அவர்களே போட்டுக்கொண்ட சட்டம் அது.

அவர்கள் அளந்தது, பல்லேடியம் என்ற உலோகத்தில் ஒரு சிட்டிகை நிக்கல் சேர்த்து உருக்கிய துண்டு. நிக்கல் கொஞ்சம் குறைந்தால், எவ்வளவு குளிரவைத்தாலும் அது காந்தமாகாது. கொஞ்சம் கூடினால் ஆகிவிடும். இந்தத் துண்டு சரியாக எல்லைக்கோட்டில் நின்றது.

இந்த அளவு நிக்கலுக்கு அது காந்தமாகவே ஆகாது என்று பழைய ஆய்வுக்கட்டுரை ஒன்று அடித்துச் சொல்லியிருந்தது. ஊர் உலகமெல்லாம் அதைத்தான் மேற்கோள் காட்டியது.

துண்டை இரண்டாக வெட்டி ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். காந்தக்கா காந்தத்தன்மையை அளந்தாள். கம்பி, தலைமுடி மாதிரி மெல்லிய கம்பிகளைப் பற்றவைத்து மின்தடையை அளந்தாள். பெயர் வந்ததும் அப்படித்தான். இரண்டு அளவும் ஒரே குளிர்நிலையில் சட்டென்று மாறினால், துண்டு அங்கே காந்தமாகிறது, அந்தக் கட்டுரை தப்பு. இல்லாவிட்டால் இவர்கள் உழைப்பு மொத்தமும் குப்பை.

மாடி அறை மீசை சார் காலையிலிருந்தே அந்தத் தாழ்வாரத்தில் நடைபோட்டுக்கொண்டிருந்தார். காகிதத்தில் கணக்குப் போடுகிறவர். ஸ்க்ரூ டிரைவரைப் பிடிக்கக்கூடத் தெரியாது. உதவி செய்கிறேன் என்று குளிரூட்டும் ஹீலியம் உருளையைத் தள்ளி, கதவில் இடித்து, காந்தக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். அப்படியும் போகவில்லை.

"ரெண்டு பேரும் சேந்தே சொல்லிடுங்கம்மா. எனக்குப் படபடன்னு வருது" என்றார்.

"பதினேழு."

இரண்டு குரலும் ஒன்றாகவே வந்தன. குளிரின் கடைசி எல்லையான தனிச்சுழிக்கு மேல் பதினேழு டிகிரி, இரண்டு அறையிலும்.

கம்பி, காந்தக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் கலந்து விக்கல் எடுத்தது.

மீசை சார் கைதட்டினார். நின்ற இடத்திலேயே ஒரு சுற்று சுற்றினார். கேன்டீன்காரரைக் கூப்பிட்டு, கட்டடத்தில் இருக்கும் எல்லோருக்கும் டீ சொன்னார்.

பிறகு ஜன்னலோரம் ஒதுங்கி, வீட்டுக்குப் போன் போட்டார்.

"இங்க பாரு, நான் அன்னிக்கு எழுதின கட்டுரை சுத்தத் தப்புன்னு நிரூபிச்சுட்டாங்க. சாயங்காலம் வெளிய சாப்பிடலாம், கிளம்பி இரு."