புள்ளிக்குக் கீழே

"நேர்ல கேட்க வாய் வரமாட்டேங்குது, நோரீன். எழுதிக் கேட்கறேன்."

"இப்பவே கேளேன். ரயில் கிளம்ப இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."

"ஆறு நிமிஷத்துல கேட்கிற விஷயமில்ல."

"சரி, எழுது. முகவரியைத் தப்பாப் போட்டாலும் லெட்டர் என் மேஜைக்குத்தான் வந்து விழும். எப்படியும் நான்தான் படிப்பேன்."

எல்டன் சிரித்துக்கொண்டே ஏறினான். எங்கள் ஊர் சாஸ்கடூனிலிருந்து ரயில் கிழக்கே போனது. அது போன வருடம், 1985 ஜனவரி. இப்போது மார்ச். அவன் இன்னும் கேட்கவில்லை.

எழுதாமல் இல்லை. வாரம் ஒரு கடிதம் கணினி வழியாக வந்தது.

கிழக்குக் கடலோரத்து ஹாலிஃபாக்ஸில் ஒரு கல்லூரிக் கணினி மையத்தில் அவனுக்குத் தற்காலிக வேலை. இங்கே பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சலுக்கு நான் பொறுப்பு; முகவரி தப்பானவையும் என்னிடம்தான் வரும். அவர்கள் ஒரு கணினி வலை, நாங்கள் வேறொரு வலை. ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. அங்கிருந்து வரும் கடிதத்தை மாற்றி உள்ளே விடும் நிரலை எழுதியவள் நான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"இங்கே மூடுபனி. மீன் சூப்பில் உப்பு அதிகம். வீட்டைச் சூடேற்றும் அடித்தளத்து உலை இன்னும் சத்தம் போடுகிறதா?"

அவ்வளவுதான் கடிதம்.

நானும் விட்டுக்கொடுக்கவில்லை. "இங்கே மைனஸ் முப்பத்தொன்று. உலை பரவாயில்லை" என்று பதில் போட்டேன்.

போனில் பேசலாம்தான். ஆனால் போன் என்றால், ஒரே வீட்டில் இருந்தபோது போலவே, மூன்றாவது நிமிடத்தில் எங்களுக்குள் சண்டை வந்துவிடும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை வந்த கடிதம் இன்னும் சின்னது. "வேலையை நிரந்தரமாக்குகிறார்கள். வெள்ளிக்கிழமை மதியம் கையெழுத்து."

நான்கு தடவை படித்தேன். மனசு மாறிவிட்டான், கேட்கப்போவதில்லை என்று முடிவுசெய்தேன். 'வாழ்த்துகள்' என்று அடித்து வைத்தேன். அனுப்பத்தான் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, கோட்டிலிருந்து பனி உதிர, பேராசிரியர் விக்லண்ட் என் அறைக்குள் நுழைந்தார். அவருக்குக் கோதுமைதான் ஆராய்ச்சி, கோதுமைதான் உலகம்.

"நோரீன், உன் கணினி என் கோதுமையைத் தின்னுடுச்சு! மூணாவது தடவை!"

காகிதத்தை மேஜையில் போட்டார். ஹாலிஃபாக்ஸ் நண்பர் அறுபது பாத்திகளின் விளைச்சலை, வரிக்கு ஓர் எண்ணாக அனுப்பியிருக்கிறார். வந்து சேர்ந்தது பன்னிரண்டுதான்.

"பதிமூணாவது பாத்திக்கு என்ன ஆச்சு?"

"அதை மான் மேஞ்சிடுச்சாம். கணக்கு இல்ல. கணக்கு இல்லாத எடத்துல நாங்க ஒரு புள்ளி வைப்போம். அது உனக்கெதுக்கு?"

நிரலைத் திறந்தேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எங்கள் கணினியில் கடிதம் அடித்து முடித்தவர்கள், கடைசி வரியில் ஒரே ஒரு புள்ளி வைப்பது வழக்கம். புள்ளியைப் பார்த்தால் கடிதம் முடிந்தது என்று கணினி எடுத்துக்கொள்ளும். வெளி வலையிலிருந்து வரும் கடிதத்துக்கும் நான் அதே விதியைப் போட்டு வைத்திருந்தேன். வரியில் தனிப்புள்ளி வந்தால் போதும், அதற்குக் கீழே இருப்பதையெல்லாம் என் நிரல் ஒழுங்காகக் குப்பையில் போட்டிருக்கிறது.

"நல்லவேளை, போனது கோதுமைதானே" என்றேன்.

சொல்லி முடிப்பதற்குள் எல்டனின் கடிதங்கள் நினைவுக்கு வந்தன.

எல்டனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை எழுதினாலும் முதலில் சில்லறை விஷயம். அப்புறம் ஒரு வரியில் தனியாக ஒரு புள்ளி. அதற்குக் கீழேதான் சொல்ல வந்தது. எங்கள் வீட்டுக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவைக்கும் சீட்டுகூட அப்படித்தான். பால், முட்டை, புள்ளி, 'நேத்து கத்தினதுக்கு மன்னிச்சுக்கோ.'

அங்கே கடிகாரம் இரண்டு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. இப்போதே மதியம்.

விக்லண்ட் நின்றுகொண்டிருக்கும்போதே போனைச் சுழற்றினேன்.

"எல்டன், கையெழுத்துப் போட்டுட்டியா?"

"பேனா தேடிட்டிருக்கேன். ஏன், இன்னிக்கு எத்தனை டிகிரின்னு சொல்லக் கூப்பிட்டியா?"

"உன் லெட்டர்ல புள்ளிக்குக் கீழே என்ன எழுதியிருந்தே?"

அந்தப் பக்கம் மேஜை இழுப்பறையை மூடும் சத்தம் கேட்டது.

"விளையாடாதே, நோரீன். அறுபது வாரமா ஒரே கேள்வியைக் கேட்டுட்டிருக்கேன். நீ குளிரைச் சொன்னே. கோடையில கொசுவைச் சொன்னே. வேண்டாம்கிறதை நீ நாசூக்காச் சொல்றேன்னு நானும் புரிஞ்சுக்கிட்டேன்."

"ஒண்ணுகூட என்கிட்ட வரலை. நான் எழுதின ப்ரோக்ராமே முழுங்கிடுச்சு. இப்ப வாயாலேயே கேளு."

விக்லண்ட் கோதுமையை மறந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

எல்டன் தொண்டையைச் செருமினான்.

"நான் நம்ம வீட்டுக்குத் திரும்பி வரட்டுமா?"